பிஎச் 7 வந்துட்டா தண்ணி நல்ல தண்ணி ஆயிருமா? ஆசிட், பேஸ் அடிப்படை, நொய்யல் கணக்கோட

மழை பேஞ்சு, திருப்பூர் வழியாப் போற நொய்யல் ஆத்துல தண்ணி வந்தாப் போதும், நுரை பொங்குற வீடியோ ஒண்ணு வாட்ஸப்புல சுத்த ஆரம்பிச்சுரும். கீழயே ரெண்டு கட்சி. ஒருத்தர் "ஆசிட்டக் கலந்து உட்டுட்டானுங்க"ன்னுவாரு, இன்னொருத்தர் "பிஎச் 7.6 தானுங்க, எல்லாம் நார்மல்"னு ஒரு லேப் ரிப்போர்ட்ட எடுத்துப் போடுவாரு. பிஎச்சுங்கறது தண்ணி ஆசிட் பக்கமா பேஸ் பக்கமான்னு காட்டற நம்பர். கெமிஸ்ட்ரிப்படி பாத்தா ரெண்டு பேரு சொல்றதுமே கோணல். சாயப்பட்டறைலருந்து வர்ற சாயத்தண்ணி பெரும்பாலும் ஆசிட்டே கெடையாது, அதுக்கு நேர் எதிர்ப்பக்கம். நுரைக்குக் காரணம் சோப்பு, டிடர்ஜென்ட் வகையறா, அதுக்கும் பிஎச்சுக்கும் நேரடி சம்பந்தமில்ல. அப்பறம் பிஎச் நார்மல்னா தண்ணி நார்மல்ங்கறது இருக்கே, அதுக்கு ஒரே ஒரு பதில் போதும்: கடல் தண்ணியோட பிஎச் சுமாரா 8.1. குடிதண்ணிக்கு பிஐஎஸ் 10500ங்கற இந்தியத் தரக்கட்டுப்பாடு சொல்ற அளவு 6.5லிருந்து 8.5. பிஎச்ச மட்டும் பாத்தா கடல் தண்ணி பாஸ் ஆயிரும், ஒரு சொம்பு குடிச்சுப் பாருங்க தெரியும்.

அப்ப பிஎச்சுன்னா எதத்தான் சொல்லுது, எத சொல்லாம உடுது? அதுக்கு பத்தாங்கிளாஸ் பாடத்துலருந்து ஆரம்பிக்கணும்.

ஆசிட்னா என்ன, பேஸ்னா என்ன

புளிப்பா இருந்தா ஆசிட், வழவழன்னு கசப்பா இருந்தா பேஸ்ங்கறது பழைய காலத்து அடையாளம். எலுமிச்சைல சிட்ரிக், புளில டார்டாரிக், தயிர்ல லாக்டிக்னு புளிப்பு எங்க இருந்தாலும் ஒரு ஆசிட் இருக்கும். (லேப்ல இருக்கற எதையும் நாக்குல வெச்சுப் பாக்காதீங்க, சொல்ல வேண்டியதில்ல.) ஆனா ஏன் புளிக்குதுங்கறதுக்கு ரொம்ப நாள் சரியான வெளக்கம் இல்ல. ஆசிட் எல்லாத்துலயும் ஆக்சிஜன் இருக்கும், அதான் காரணம்னு பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்சியே சொன்னாரு. இன்னைக்கு நாம ஹைட்ரோகுளோரிக்னு சொல்ற ஆசிட்டுல ஆக்சிஜனே இல்லீன்னு 1810 வாக்குல ஹம்ஃப்ரி டேவி காட்டுன பின்னால அது அடிபட்டுப் போச்சு.

இன்னைக்கு நாம படிக்கறது ரெண்டு வெளக்கம்:

1. ஸ்வீடன்காரர் அர்ரீனியஸ் 1884ல சொன்னது. தண்ணில கரைஞ்சா ஹைட்ரஜன் அயனி குடுக்கறது ஆசிட், ஹைட்ராக்சைடு அயனி குடுக்கறது பேஸ். அயனின்னா மின்னேத்தம் இருக்கற அணு, இல்லைன்னா அணுக்கூட்டம், அவ்வளவுதான். இந்த ஆராய்ச்சிக்கு அவுரு காலேஜ்ல ரொம்பக் கம்மி மார்க்குதான் போட்டாங்க, 1903ல அதே வேலைக்கு நோபல் பரிசு வந்துச்சு.

2. 1923ல டென்மார்க்குல பிரான்ஸ்டெட், இங்கிலாந்துல லவுரி, ரெண்டு பேரும் தனித்தனியா சொன்னது. ஹைட்ரஜன் அயனியக் குடுக்கறது ஆசிட், வாங்கிக்கறது பேஸ். இதுதான் பெரிய மாத்தம், ஏன்னா ஆசிட்டுங்கறது ஒரு பொருளோட ஜாதி இல்ல, அந்த நேரத்துல அது பாக்கற வேலைன்னு ஆயிருச்சு.

ரெண்டாவது எதுக்கு வேணும்னு ஸ்டூடண்ட்ஸ் கேப்பாங்க. சோடா ஆஷ எடுத்துக்கங்க, அதாங்க துணி சோடா, சோடியம் கார்பனேட். அதுக்குள்ள ஹைட்ராக்சைடே கெடையாது, ஆனா கைல பட்டா வழவழங்கும், லிட்மஸ நீலமாக்கும். எப்படி? தண்ணிகிட்டருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியப் புடுங்கிக்குது, மிச்சம் நிக்கறது ஹைட்ராக்சைடு. அர்ரீனியஸ் கணக்குல இத வளைச்சு நெளிச்சுத்தான் சொல்லணும், பிரான்ஸ்டெட் கணக்குல ஒரே வரி. திருப்பூர் சாயப்பட்டறை மொத்தமும் இந்த ஒரு வரி மேலதான் ஓடுது, அதுக்குக் கீழ வர்றேன்.

பிஎச்: பூஜ்ஜியத்த எண்ணுற கணக்கு

1909ல கோபன்ஹேகன்ல கார்ல்ஸ்பெர்க் லேப்ல, ஆமா அதே பீர் கம்பெனியோட லேப்தான், சோரன்சன்னு ஒருத்தர் இந்த அளவக் கொண்டாந்தாரு. ஒரு லிட்டர்ல எத்தன மோல் ஹைட்ரஜன் அயனி இருக்குன்னு எழுதப்போனா ஏகப்பட்ட பூஜ்ஜியம் வரும், அதனால பூஜ்ஜியத்த மட்டும் எண்ணிக்கலாம்னுட்டாரு. (மோல்னா ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கை, டஜன் மாதிரி, ஆனா ரொம்பப் பெருசு.)

- சுத்தமான தண்ணில ஹைட்ரஜன் அயனி லிட்டருக்கு ஒரு கோடியில ஒரு பங்கு மோல். ஒரு கோடிக்கு ஏழு பூஜ்ஜியம், அதனால பிஎச் 7.
- ஆயிரத்துல ஒரு பங்கு மோல்னா மூணு பூஜ்ஜியம், பிஎச் 3.
- நம்பர் எறங்க எறங்க ஆசிட் ஏறுது. ஒவ்வொரு நம்பருக்கும் பத்து மடங்கு. அதனால பிஎச் 5 தண்ணி 7ஐ விட "ரெண்டு பாயின்ட் கம்மி" இல்ல, நூறு மடங்கு ஆசிட்.

7ங்கறது 25 டிகிரி சூட்டுலதான் நடுநிலை. தண்ணி கொதிக்கறப்ப நடுநிலையே 6.1 பக்கத்துக்கு எறங்கிரும், அதுக்காக சுடுதண்ணி ஆசிட் ஆயிருச்சுன்னு அர்த்தமில்ல, ஹைட்ரஜன் அயனியும் ஹைட்ராக்சைடும் சமமாத்தான் இருக்கும். சூடான சாயத்தண்ணில மீட்டர அப்படியே உட்டு நம்பர் படிக்கறவங்க இதக் கவனிக்கணும்.

தெரிஞ்ச சிலதோட அளவு: எலுமிச்சைச் சாறு 2 சொச்சம், தயிர் 4.5 வாக்குல, சோப்புத்தண்ணி 9லிருந்து 10, தெளிஞ்ச சுண்ணாம்புத்தண்ணி 12.4. நம்ம ரத்தம் 7.35லிருந்து 7.45க்குள்ள நிக்கணும், அத நுரையீரலும் கிட்னியும் பாத்துக்கும். வயித்துக்குள்ளயே பிஎச் 2 பக்கத்துல ஆசிட் இருக்கு, அதுல போயி விழற அல்கலைன் வாட்டர் பாட்டில் ரத்தத்த மாத்திரும்னு சொல்றது வியாபாரம்.

மீட்டர் இல்லாதவங்களுக்கு ஈரோட்டு மஞ்சளே போதும். மஞ்சள் நடுநிலைலயும் ஆசிட்டுலயும் மஞ்சளாவே இருக்கும், பிஎச் 7.5, 8 தாண்டுனா செவக்க ஆரம்பிக்கும். ஆரத்தித் தட்டுல மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து செவப்பாகறதும், மஞ்சக்கறை பட்ட வெள்ளைச் சட்டைல சோப்பு போட்டதும் செவக்கறதும் இதே சமாச்சாரம். ஆனா மஞ்சள் பேஸ் இருக்குதா இல்லையான்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்லாது.

ஸ்ட்ராங் வேற, கெட்டி வேற, மொத்த சரக்கு வேற

பேப்பர்ல, டிவில, சில சமயம் டெக்ஸ்ட்புக் கைடுலயே கூட கலந்து கொழப்பற எடம் இதுதான், அதனால கொஞ்சம் நிதானமாப் பாப்போம்.

1. ஸ்ட்ராங் ஆசிட்னா தண்ணில உழுந்ததும் முழுசாப் பிரிஞ்சு ஹைட்ரஜன் அயனி மொத்தத்தையும் வெளிய உட்ரும். ஹைட்ரோகுளோரிக், சல்ஃபியூரிக், நைட்ரிக் இந்த வகை. வீக் ஆசிட் கொஞ்சமா உட்டுட்டு மிச்சத்தக் கையிருப்பா வெச்சிருக்கும், வினிகர்ல இருக்கற அசிட்டிக் மாதிரி.

2. கெட்டி, நீர்ப்புங்கறது ஒரு லிட்டர்ல எவ்வளவு கலந்திருக்குங்கறது. ஸ்ட்ராங் ஆசிட்ட ரொம்ப நீர்க்கக் கலக்கலாம், வீக் ஆசிட்டக் கெட்டியாவும் வெக்கலாம். கெட்டியான அசிட்டிக் தோல்ல பட்டா வெந்துரும், வீக்குன்னு பேரு இருக்கேன்னு அசால்ட்டா இருக்கக்கூடாது.

3. பிஎச் காட்டறது அந்த நிமிசத்துல வெளிய நிக்கற ஹைட்ரஜன் அயனிய மட்டும். கையிருப்பக் காட்டாது.

மூணாவது பாயின்டுக்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர்ல 3.65 கிராம் ஹைட்ரோகுளோரிக் போட்டா பிஎச் 1. இன்னொரு லிட்டர்ல அதே மோல் கணக்குக்கு 6 கிராம் அசிட்டிக் போட்டா பிஎச் 2.9 தான் வரும், அதாவது வெளிய நிக்கற ஹைட்ரஜன் அயனி எம்பது மடங்கு கம்மி. ஆனா ரெண்டையும் நியூட்ரல் பண்ண, அதாவது நடுநிலைக்குக் கொண்டார, எவ்வளவு காஸ்டிக் (சோடியம் ஹைட்ராக்சைடு) வேணும்? ரெண்டுக்கும் அதே 4 கிராம். ஏன்னா காஸ்டிக் உள்ள போகப்போக அசிட்டிக் தன் கையிருப்ப எடுத்து எடுத்து வெளிய உடும்.

பேஸ் பக்கமும் இதே கதைதான். ஆயிரம் லிட்டர்ல 50 கிராம் சொச்சம் காஸ்டிக் கரைச்சாலும், 1 கிலோ சோடா ஆஷ் கரைச்சாலும் மீட்டர்ல ஏறக்குறைய ஒரே நம்பர், 11.1. ஆனா பிஎச் 7க்கு கொண்டார காஸ்டிக் தண்ணிக்கு சுத்தமான கணக்குல 50 கிராம் ஹைட்ரோகுளோரிக் போதும், சோடாத் தண்ணிக்கு 400 கிராம் பக்கம் வேணும். கடைல விக்கற ஆசிட் முப்பது சொச்சம் பர்சென்ட்தான், அதனால அளவ இன்னும் மூணு மடங்காக்கிக்கங்க. "பிஎச் ஒண்ணுதானே, ஆசிட் அளவும் ஒண்ணுதானே"ன்னு நெனச்சு ஊத்துனா ரெண்டுல ஒரு டேங்க் கண்டிப்பா தப்பாப் போகும்.

இந்தக் கையிருப்புக்குப் பேருதான் பஃபர். லேப் ரிப்போர்ட்டுல "அல்கலினிட்டி"ன்னு ஒரு வரி இருக்கும், அது பேஸ் பக்கத்துக் கையிருப்பச் சொல்றது. பிஎச் வரிய விட அதுதான் நெறைய பேசும்.

சாயப்பட்டறைல எதுக்கு இத்தன சோடா

பனியன் துணி பருத்தி. பருத்திக்குப் போடறது பெரும்பாலும் ரியாக்டிவ் சாயம், அதாவது துணி மேல ஒட்டிக்கிட்டு நிக்காம துணியோட கெமிக்கலா சேந்துக்கற சாயம், அதான் தொவைச்சாலும் போறதில்ல. ஆனா நடுநிலைத் தண்ணில பருத்தி சும்மா கெடக்கும், சாயத்தோட சேராது. சோடா போட்டு பிஎச்ச 10.5, 11க்கு ஏத்துனா பருத்தில இருக்கற செல்லுலோஸ் தன்கிட்ட இருக்கற ஹைட்ரஜன் அயனில கொஞ்சத்த உட்டுக் குடுக்கும், குடுத்த எடம் நெகட்டிவா நின்னு சாயத்தப் புடிச்சுக்கும். பிரான்ஸ்டெட் சொன்னது ஞாபகம் இருக்கா, குடுக்கறது ஆசிட். அந்த மெஷினுக்குள்ள, அந்த நேரத்துல, ஆசிட் வேலை பாக்கறது நம்ம பருத்தித் துணிதான்!

இதுக்கு முன்னாடி சாயம் தண்ணியவிட்டு துணிப்பக்கம் நகரணும், அதுக்கு உப்பு. சாதா உப்போ கிளாபர் சால்ட்டுங்கற சோடியம் சல்ஃபேட்டோ, அடர்த்தியான கலருக்கு லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் போகும். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணி, லிட்டருக்கு 60 கிராம்னு வெச்சாலே அரைக்கிலோ உப்பு கிட்ட வந்துருது. அந்த உப்பு எதோடயும் சேராது, வேலை முடிஞ்சதும் அப்படியே தண்ணியோட வெளிய வரும். கடைசில துணில மிச்சம் நிக்கற சோடாவப் போக்க அசிட்டிக் போட்டு அலசுவாங்க, இல்லீன்னா சாயம் புடிப்பு விட ஆரம்பிக்கும், போடறவங்க தோலுக்கும் ஆகாது.

ஆசிட் + பேஸ் = உப்பு + தண்ணி. சரி, அந்த உப்பு எங்க போச்சு?

பள்ளிக்கூடத்துல எல்லாரும் மனப்பாடம் பண்ண வரி இது, பரிச்சைல எழுதிட்டு மறந்துட்டோம். வலதுபக்கம் மொதல்ல நிக்கறது உப்பு. நியூட்ரலைசேஷன்னா விஷத்த முறிச்சாச்சு, ஒண்ணுமில்லாம ஆக்கியாச்சுங்கற நெனப்பு எப்படியோ ஊர்ல ஊறிப்போயிருக்கு. அளந்து பாத்தா வேற கதை:

- 40 கிராம் காஸ்டிக் + 36.5 கிராம் ஹைட்ரோகுளோரிக் = 58.5 கிராம் உப்பு + 18 கிராம் தண்ணி.
- அப்ப 1 கிலோ காஸ்டிக்க நியூட்ரல் பண்ணுனா ஒன்றரைக் கிலோ உப்பு கிட்ட பொறக்குது.
- சல்ஃபியூரிக் ஆசிட் போட்டு நியூட்ரல் பண்ணுனா அதே 1 கிலோ காஸ்டிக்குக்கு 1.77 கிலோ சோடியம் சல்ஃபேட்.
- 1 கிலோ சோடா ஆஷுக்கு ஹைட்ரோகுளோரிக்னா 1.1 கிலோ உப்பு, அதோட கார்பன் டை ஆக்சைடு குமிழி அடிச்சுப் போயிரும்.

பிஎச் 11லருந்து 7க்கு வந்துருச்சு, ரிப்போர்ட் அழகா இருக்கு. டிடிஎஸ், அதாவது கரைஞ்சு கெடக்கற மொத்த உப்பு, எறங்கவே இல்ல, ஆசிட் ஊத்துனதுல இன்னும் கூடத்தான் செஞ்சிருக்கு. இதோட சாயம் போட்டப்ப கொட்டுன அரைக்கிலோக் கணக்கு உப்பையும் கூட்டிக்கங்க. பொதுவா கழிவுத்தண்ணி வெளிய உட அனுமதி பிஎச் 5.5லிருந்து 9க்குள்ள, டிடிஎஸ் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்குள்ள. மொதல் கண்டிஷன் ஒரு கேன் ஆசிட்டுல முடிஞ்சுரும். ரெண்டாவதுக்கு எந்த ஆசிட்டும், எந்த சுண்ணாம்பும் உதவாது.

நொய்யல் கதையே இந்த ரெண்டாவது கண்டிஷன்தான். வெள்ளியங்கிரி மலைல பொறந்து கோயமுத்தூர், திருப்பூர் வழியாப் போயி காவேரில சேர்ற ஆத்துல, பாசனத்துக்குன்னு 1992ல ஒரத்துப்பாளையம் அணை கட்டுனாங்க. மேல இருந்து வந்ததெல்லாம் சாயத்தண்ணி, அணை உப்புத்தண்ணித் தொட்டியாப் போச்சு, பாசனம் பண்ண வேண்டிய விவசாயிங்களே தண்ணிய உடாதீங்கன்னு கோர்ட்டுக்குப் போனாங்க. 2006ல ஒரு சொட்டுக் கழிவும் வெளிய உடக்கூடாதுன்னு மெட்ராஸ் ஹைகோர்ட் உத்தரவு, அது சரியா நடக்கலைன்னு 2011 ஜனவரில நூத்துக்கணக்கான சாயப்பட்டறைய மூடச் சொல்லி உத்தரவு. அப்பறந்தான் ஆர்.ஓ.ங்கற சவ்வு வடிகட்டி, தண்ணிய ஆவியாக்கற எவாப்பரேட்டர்னு போட்டு தண்ணியத் திரும்ப எடுத்து உப்பையும் பிரிச்செடுக்கற வழிக்கு வந்தாங்க. அதுல கூட எல்லாம் திரும்ப வர்றதில்ல, பிரிக்க முடியாம கலந்து நிக்கற கலப்பு உப்பு மூட்டை மூட்டையா ஷெட்டுல சேருது.

மண்ணுக்குப் போனா என்ன பண்ணுது

இங்க ரெண்டு வியாதி, ஆளுக கலந்து பேசுவாங்க. உவர் மண்ணுன்னா கரையற உப்பு அதிகம், பிஎச் 8.5க்குள்ளதான் இருக்கும். களர் மண்ணுன்னா மண் துகள் மேல சோடியம் ஒட்டிக்கிட்டு நிக்கறது, பிஎச் 8.5 தாண்டும், மழை பேஞ்சா சேறு, காஞ்சா பாறை. சோடியம் நெறைஞ்ச தண்ணிய வருசக்கணக்கா பாய்ச்சுனா மண்ணுல இருக்கற கால்சியத்த சோடியம் தள்ளிட்டு உக்காந்துக்கும், துகளெல்லாம் பிரிஞ்சு காத்து ஓட்டம், தண்ணி ஓட்டம் அடைச்சுப் போயிரும். பாய்ச்சுன தண்ணி பிஎச் 7.5ஆ இருந்தாலும் இது நடக்கும்.

களருக்கு ஜிப்சம் போடச் சொல்றாங்களே, அது ஆசிட்டான்னு கேட்டா இல்ல, நடுநிலை உப்புதான், கால்சியம் சல்ஃபேட். அது பிஎச்சோட நேரா சண்டை போடறதில்ல, கால்சியத்தக் குடுத்து சோடியத்தக் கெளப்பும், கெளம்புன சோடியம் சல்ஃபேட்ட நல்ல தண்ணி உட்டு வடிகால்ல வெளிய தள்ளணும். வடிகால் இல்லாத காட்டுல ஜிப்சம் மூட்டை மூட்டையாப் போட்டு ஒண்ணும் ஆகலீங்கன்னா அதான் காரணம்.

மூணாவதா நம்ம பக்கம் சுண்ணாம்பு மண்ணு இருக்கு. மதுக்கரைல சிமெண்ட் ஃபேக்டரி வந்ததே அங்க சுண்ணாம்புக்கல் கெடக்கறதாலதான். இந்த மண்ணு பிஎச் 8, 8.5ல நிக்கும், இரும்புச்சத்து கரையாம பூட்டிக்கும், நெலக்கடலை எளந்தழை மஞ்சளடிக்கும். "சல்ஃபர் போட்டு பிஎச்ச எறக்கிரலாம்"னு யோசன சொல்வாங்க. அரை அடி ஆழத்துக்கு ஒரு ஏக்கர் மண்ணு சுமாரா 9 லட்சம் கிலோ. அதுல 5 சதம் சுண்ணாம்புன்னா 45 ஆயிரம் கிலோ. 100 கிலோ சுண்ணாம்பக் கரைக்க 32 கிலோ சல்ஃபர் வேணும், அப்ப ஏக்கருக்கு 14 டன்னுக்கு மேல! அது கரைஞ்சு தீர்ற வரைக்கும் பிஎச் பெருசா அசையாது, பஃபர்னா இதுதான். அதனாலதான் இரும்ப மண்ணுல கொட்டாம அன்னபேதிய, அதாவது இரும்பு சல்ஃபேட்ட, தழை மேல தெளிக்கச் சொல்றாங்க. மலைக்கு மேல நீலகிரில கதை தலைகீழ், தேயிலைக்கு பிஎச் 4.5லிருந்து 5.5 தான் சௌகரியம், அதுக்கும் கீழ எறங்குனா டோலமைட்ங்கற சுண்ணாம்புக்கல் வகைத் தூளப் போட்டு ஏத்துவாங்க.

சேக்கக் கூடாத ஜோடிங்க

எல்லாம் நியூட்ரல் ஆயி உப்பு, தண்ணியோட முடிஞ்சுராது, சிலது கேஸா வரும்.

1. பாத்ரூம் ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேந்தா குளோரின் கேஸ். கதவச் சாத்திட்டு ரெண்டையும் போட்டுத் தேய்க்கறது நெசமாவே ஆபத்து.

2. தோல் பதனிடற எடத்துல முடி நீக்க சுண்ணாம்போட சோடியம் சல்ஃபைடு போடுவாங்க, அந்தத் தண்ணி பிஎச் 12 பக்கம். அடுத்த கட்டத்துல ஆசிட்டும் உப்பும் போட்ட தண்ணி பிஎச் 3 பக்கம். ரெண்டு கழிவும் ஒரே தொட்டில கலந்தா ஹைட்ரஜன் சல்ஃபைடு கெளம்பும். மொதல்ல அழுகுன முட்டை நாத்தம் அடிக்கும், அளவு கூடுனா மூக்கு மரத்துப்போயி நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லைன்னு தொட்டிக்குள்ள எறங்கறதுதான் உயிரு போற எடம், ஒருத்தரக் காப்பாத்த எறங்குன அடுத்தவரும் உள்ளயே விழறது இதனாலதான்.

3. கெட்டி சல்ஃபியூரிக் ஆசிட்டுக்குள்ள தண்ணிய ஊத்தக்கூடாது, தண்ணிக்குள்ள ஆசிட்டக் கொஞ்சங் கொஞ்சமா ஊத்தணும். சூடு அவ்வளவு கெளம்பும்.

4. காஸ்டிக்க அலுமினியப் பாத்திரத்துல கரைச்சா பாத்திரத்தையே தின்னுட்டு ஹைட்ரஜன் கேஸ் விடும். பத்திக்கற கேஸ்.

ரிப்போர்ட் கைக்கு வந்தா எந்த வரியப் பாக்கறது

போர் தண்ணியோ ஆத்துத் தண்ணியோ, பிஎச்ச ஒரு தடவ பாத்துட்டு நகந்துருங்க, அது 6.5, 8.5க்கு வெளிய இருந்தா மட்டும் நின்னு யோசிங்க. அடுத்து டிடிஎஸ்: குடிக்க லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரைக்கும் நல்லது, வேற தண்ணியே இல்லைன்னா 2000 வரைக்கும் ஏத்துக்கலாம்னு பிஐஎஸ் சொல்லுது. சிறுவாணித் தண்ணி குடிச்சுப் பழகுன நாக்குக்கு 1000 தாண்டுனாலே சப்பத்தண்ணி, அதாவது உவர்ப்புத்தண்ணின்னு தெரிஞ்சுரும். அப்பறம் அல்கலினிட்டி. காட்டுக்குப் பாய்ச்சறதுன்னா சோடியத்தையும் கால்சியம், மெக்னீசியத்தையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாக்கணும், சோடியம் ரொம்பத் தூக்கி நின்னா களருக்கு வழி. சாயத்தண்ணி சந்தேகம்னா குளோரைடு, சல்ஃபேட் ரெண்டும் முக்கியம், பட்டறைல போட்ட உப்பு எதுவோ அது இந்த ரெண்டு வரில காட்டிக் குடுத்துரும்.

சாம்பிள் எடுக்கறப்ப மோட்டார கொஞ்ச நேரம் ஓடவிட்டு அப்பறம் புடிங்க, பாட்டில் வாய் வரைக்கும் ரொப்பி இறுக்கி மூடுங்க. போர் தண்ணில கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சிருக்கும், தொறந்து வெச்சா அது வெளிய போயி பிஎச் தானா ஏறும், லேப்புக்கு அடுத்த நாள் போயி சேர்றதுக்குள்ள நம்பர் மாறிரும். பிஎச்ச மட்டுமாவது கெணத்து மேட்டுலயே பாத்து எழுதிக்கிட்டாத்தான் சரி.